தோலில் ஏதாவது வந்தால் வடசென்னையில் எங்கே காட்டுவது?

"அக்கா, இடுப்புல வட்ட வட்டமா வந்திருக்கு, ராத்திரியில அரிப்பு தாங்கல. மெடிக்கல்லயே ஒரு ஆயின்ட்மென்ட் வாங்கிப் போட்டுக்கவா, இல்ல ஸ்டான்லிக்குப் போகவா?"

மழை ஓய்ந்து புழுக்கம் ஆரம்பித்ததும் இந்தக் கேள்வி எனக்கு வர ஆரம்பித்துவிடும். கேட்பவர் காலடிப்பேட்டையில் தையல் வேலை செய்பவராக இருப்பார், வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுபவராக இருப்பார், எண்ணூரில் கழிமுகத்தில் இறங்கி இறால் பிடிப்பவராக இருப்பார். எல்லோருக்கும் ஒரே தடுமாற்றம்தான்: மெடிக்கலா, தெருமுனை டாக்டரா, கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியா, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியா, காசு கொடுத்து ஸ்கின் டாக்டரா? நான் மருத்துவர் இல்லை. ஆனால் என் வீட்டில் இந்த ஐந்து இடத்துக்கும் போய்வந்திருக்கிறோம். கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

எதை வைத்து முடிவு செய்வது

கட்டணத்தை மட்டும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தவறிவிடும். நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

ஒன்று, அவசரம். இன்றே காட்ட வேண்டியதா, ஒரு வாரம் பொறுக்கலாமா? இரண்டு, வந்திருப்பது என்ன என்று சரியாகக் கண்டுபிடிக்கிற வாய்ப்பு அந்த இடத்தில் எவ்வளவு? மூன்று, மொத்தச் செலவு. அதில் ஃபீஸ், மருந்து, போகவரச் செலவு, போகிற ஒரு நாள் கூலி எல்லாம் சேரும். நான்கு, திரும்பத் திரும்பப் போக முடியுமா? தோல் வியாதியில் ஒரு தடவை காட்டினால் முடிந்தது என்பது அபூர்வம்.

முதல் விஷயத்துக்கே தோலில் என்ன தெரிகிறது என்று கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

தோல் என்ன சொல்கிறது

வட்டமாகப் படர்ந்து, ஓரம் சிவந்து மேடாகச் செதில் விட்டு, நடுவில் மட்டும் ஆறினதுபோல் இருந்தால் பெரும்பாலும் படர்தாமரை. இது பூஞ்சை. வேர்வை தங்குகிற இடுப்பு, தொடை இடுக்கு, அக்குளில்தான் முதலில் வரும்.

இரவில் அரிப்பு கூடி, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு என்று பொரிப்பொரியாக வந்து, வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்காக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு உண்ணி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது. முதல் முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். "எனக்கு ஒன்றும் இல்லையே" என்கிறவரும் ஏற்கெனவே பரப்பிக்கொண்டிருக்கக்கூடும்.

குழந்தையின் மூக்கு, வாயைச் சுற்றி தேன் காய்ந்ததுபோல் மஞ்சள் பொருக்கு தட்டினால் பாக்டீரியா தொற்று. முதுகிலும் மார்பிலும் வெளிறிய திட்டாக லேசாகச் செதில் விட்டால் தேமல். ஆபத்து இல்லை, ஆனால் பூஞ்சை போன பிறகும் நிறம் திரும்ப மாதக்கணக்காகும். கால்விரல் இடுக்கு ஊறி வெளுத்து வெடித்தால் சேற்றுப்புண். காலையில் எழுந்ததும் கழுத்திலோ முகத்திலோ சாட்டையால் அடித்தமாதிரி எரிகிற கோடு இருந்தால், இரவில் விளக்கைச் சுற்றி வந்த வண்டை நசுக்கியிருப்பீர்கள். அதன் உடம்பில் உள்ள நீர் தோலைப் பொசுக்கிவிடும். பலர் இதை அக்கி என்று நினைத்துப் பயந்துபோகிறார்கள்.

நிஜமான அக்கி வேறு. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் கிளம்பும். அதற்கு முன்பே அந்த இடம் எரியும், குத்தும். நம் பக்கத்தில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொள்வார்கள். என் மாமியாருக்கும் எழுதினோம். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அக்கிக்கான வைரஸ் மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். தாமதித்தால், வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறியும் வலி மாதக்கணக்கில் நிற்கலாம். நெற்றியிலோ கண் பக்கமோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே போக வேண்டும், பார்வையைப் பாதிக்கும்.

இன்னொன்றும் உண்டு. அரிக்காத, வலிக்காத, வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டு. ஊசி முனையால் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கிறது. அரிப்பு இல்லாததால் இதை யாரும் சட்டை செய்வதில்லை. தொழுநோயா என்று பார்க்க வேண்டிய அடையாளம் இதுதான். அரசு மருத்துவமனைகளில் மருந்து முழுவதும் இலவசம், 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். வெட்கப்பட்டு ஒளித்தால்தான் நரம்பு போய் விரல் மடங்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லாதவை

இவற்றுக்கு எந்த இடம் நல்லது என்று யோசிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்:

- உடம்பெல்லாம் தடிப்பு வந்து, உதடோ நாக்கோ வீங்கி, மூச்சு இழுக்கிறது.
- புது மாத்திரை தொடங்கிய சில நாளில் அல்லது சில வாரத்தில் தடிப்பு, அதோடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிதல். வலிப்பு மாத்திரை, சல்ஃபா மாத்திரை, யூரிக் ஆசிடுக்குக் கொடுக்கும் அலோபுரினால் இவற்றால் வரலாம். அடுத்த வேளை மாத்திரையைப் போடும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.
- கால் சிவந்து, சூடாக வீங்கி, சிவப்பு மணிக்கு மணி ஏறுகிறது, குளிர் காய்ச்சல் வருகிறது. சர்க்கரை உள்ளவர்கள் வெள்ளத் தண்ணீரில் நடந்த பிறகு இப்படி ஆனால் ஒரு இரவுகூடத் தள்ளிப்போடக் கூடாது.
- காய்ச்சலோடு, அழுத்தினாலும் மறையாத ஊதா அல்லது சிவப்புப் புள்ளிகள்.

மெடிக்கல் கவுன்டர்

என் தம்பி காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிறான். விடியற்காலையில் நனைகிற பேன்ட் மதியம் வரைக்கும் இடுப்பில்தான் இருக்கும். அவனுக்குப் படர்தாமரை வந்தபோது, வேலைக்குப் போகிற வழியில் ஒரு மெடிக்கலில் கேட்டு ட்யூப் வாங்கினான். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. "சூப்பர் மருந்துக்கா" என்றான். பத்து நாளில் திரும்ப வந்தது, இன்னும் பெரிதாக. மறுபடி அதே ட்யூப். இப்படி நாலு மாதம், பதினோரு ட்யூப். கடைசியில் இடுப்பிலிருந்து தொடை வரை படர்ந்து, வட்டமும் இல்லாமல் ஓரமும் இல்லாமல், என்ன வியாதி என்றே தெரியாத மாதிரி ஆகிவிட்டது. தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரி வரியாக வெடித்திருந்தது. அந்த வரிகள் இனிமேல் போகாது என்று பிறகு மருத்துவர் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நடந்தது இதுதான். அந்த ட்யூபில் பூஞ்சை மருந்தோடு பாக்டீரியா மருந்தும் ஒரு வலுவான ஸ்டீராய்டும் கலந்திருந்தன. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும். கூடவே அந்த இடத்தில் தோலின் எதிர்ப்பையும் குறைத்துவிடும். பூஞ்சை உள்ளே நிம்மதியாக வளரும். இந்தியாவில் இப்போது பரவியிருக்கும் பூஞ்சை வகைகளில் ஒன்று வழக்கமான மாத்திரைக்கே சரியாகக் கட்டுப்படுவதில்லை. 2020-ல் அதற்கு நம் நாட்டின் பெயரையே சேர்த்து, டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். வலுவான ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது.

அதனால் கையில் இருக்கும் ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன் என்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் முகத்திலும் தொடை இடுக்கிலும் குழந்தைக்கும் அதைப் போடாதீர்கள். முகம் வெளுக்க என்று தோழிகள் சொல்லித் தரும் கிரீமிலும் இதே பெயர்கள் இருக்கலாம். தோல் மெலிந்து, பரு கிளம்பி, முகத்தில் முடி வளர்ந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் மெடிக்கலே வேண்டாமா? வேர்க்குருவுக்குக் கலமைன் லோஷன், சேற்றுப்புண் ஆரம்பத்தில் குளோட்ரிமசோல் மட்டும் உள்ள கிரீம் அல்லது பவுடர், வறட்சிக்கு வாஸலின் என்றால் தாராளமாக வாங்கலாம். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் அடுத்த ட்யூப் வாங்காமல் மருத்துவரிடம் போங்கள்.

தெருமுனை டாக்டர்

மாலையில் இருப்பார், நடந்தே போகலாம், நம் குடும்பத்துக்கு என்னென்ன வியாதி என்று அவருக்குத் தெரியும். குழந்தைக்கு மஞ்சள் பொருக்கு, பூச்சிக்கடி, சாதாரணத் தடிப்பு, அம்மை என்றால் அவர் போதும். அக்கி வந்து, மறுநாள் ஞாயிறு என்றால் நான் முதலில் அவரிடம்தான் ஓடுவேன். 72 மணி நேரக் கணக்கு அவருக்கும் தெரியும்.

ஆனால் சட்டையை விலக்கிக்கூடப் பார்க்காமல் ஊசி போட்டு அனுப்பினால் யோசியுங்கள். அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் மேலே சொன்ன கதைதான். "என்ன ஊசி டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்

கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி என்று மேலே சொன்னது இதைத்தான். எங்கள் பக்கத்தில் பலருக்கு இது தடுப்பூசி போடுகிற இடம் என்று மட்டும்தான் தெரியும். மருத்துவர் பார்ப்பதும் மருந்தும் இலவசம். சில நிலையங்களில் மாலையில் சிறப்பு மருத்துவர்கள் முறை வைத்து வருகிறார்கள். தோல் மருத்துவர் வரும் கிழமையை நேரில் போய் ஒருமுறை கேட்டு, காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி, ஏனென்றால் வேலை முடித்துவிட்டுப் போகலாம்.

வீட்டில் எல்லோருக்கும் சிரங்கு என்றால் நான் இங்கேதான் போகச் சொல்வேன். சிரங்குக்கு ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டுப் பயன் இல்லை. பெர்மெத்ரின் 5 சதவீத கிரீமை இரவில் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நக ஓரம் விடாமல், அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. போர்வை, துண்டு, உள்ளாடை எல்லாம் அன்றைக்கே வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வேண்டும். ஐந்து பேருக்கு இரண்டு தடவை என்றால் வெளியில் வாங்கும்போது செலவு ஏறிவிடும். அதனால்தான் பலர் பாதியில் விட்டு, சிரங்கைத் திரும்ப வரவழைத்துக்கொள்கிறார்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எப்படிப் பூசுவது என்று மருத்துவரிடமே கேளுங்கள். உண்ணி செத்த பிறகும் அரிப்பு இரண்டு மூன்று வாரம் இருக்கலாம். அதற்காக மருந்தைத் தினமும் பூசாதீர்கள்.

உணர்ச்சி குறைந்த திட்டு, திரும்பத் திரும்ப வரும் கட்டி, ஆறாத சேற்றுப்புண் இவற்றுக்கும் முதலில் போகலாம். சர்க்கரை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவார்கள். படர்தாமரை விடாமல் வருகிற பலருக்குப் பின்னால் தெரியாத சர்க்கரை இருக்கிறது.

ஸ்டான்லி

வயதானவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிறது. தோல் நோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. மருத்துவக் கல்லூரி என்பதால் பேராசிரியரிலிருந்து பயிற்சி மருத்துவர் வரை பார்ப்பார்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இதே மாதிரிதான். விம்கோ நகர், திருவொற்றியூர் பக்கத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் அதன் வாசல் பக்கத்திலேயே இறங்கலாம்.

தம்பியை ஸ்டான்லிக்குத்தான் கூட்டிப் போனேன். எட்டு மணிக்கு முன்பே போய் ஓபி சீட்டு வாங்கி, பதினொன்றரைக்குத்தான் உள்ளே போனோம். பயிற்சி மருத்துவர் ஒரு பெண். ஓரத்தில் இருந்த செதிலை மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் எடுத்தார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். "பூஞ்சை இழை இழையாகத் தெரியுது, நீங்களும் பாருங்க" என்று தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். நாலு மாதமாக யாரும் செய்யாத அந்தப் பரிசோதனைக்கு நாங்கள் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். தம்பிக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போயிற்று. மருந்தைப் பதினைந்து நாளுக்குக் கொடுத்துத் திரும்ப வரச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவராக இருக்கலாம், அதனால் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் தொடை இடுக்கைக் காட்டப் பலருக்குக் கூச்சம். பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம்.

ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கிற எதற்கும், உடம்பெல்லாம் கொப்புளம், சொரியாசிஸ், சதைப் பரிசோதனை தேவைப்படுகிற புண் இவற்றுக்கும், இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை என்பது என் கருத்து. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அயனாவரம், ரயில்வே ஊழியர் குடும்பம் என்றால் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை என்று உங்களுக்கு உரிய இடத்தையும் மறக்காதீர்கள்.

அம்மைக் கொப்புளத்தோடு மட்டும் இந்த ஓபி கூட்டத்தில் போய் உட்காராதீர்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இருப்பார்கள். தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

தனியார் ஸ்கின் டாக்டர்

நேரம் குறித்துப் போகலாம், தனியறையில் காட்டலாம், ஒரே மருத்துவர் தொடர்ந்து பார்ப்பார். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஃபீஸ் கொடுத்தாலும் சில சமயம் இதுதான் மலிவு. தம்பிக்கு மூன்றாவது தடவைக்குப் பிறகு இப்படித்தான் மாற்றினோம்: ஃபீஸ் 500 ரூபாய், அவன் இழக்கிற ஒரு நாள் கூலி அதைவிட அதிகம்.

பணம் கரைவது ஃபீஸில் அல்ல. அதே கிளினிக்கில் விற்கும் சோப்பு, ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர் சீட்டில் சேரும். "இதில் எது கட்டாயம், எது இருந்தால் நல்லது?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் தயங்காமல் அடித்துக் காட்டுவார்.

பலகையில் ஸ்கின் கிளினிக் என்று இருந்தால் மட்டும் போதாது. எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., அல்லது தோல் பிரிவில் டி.என்.பி. படித்திருக்க வேண்டும். அழகுக்கலைச் சான்றிதழ் தோல் மருத்துவப் படிப்பு ஆகாது. பெயரையும் பதிவு எண்ணையும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

போனில் காட்டுவது

மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் போனிலேயே மருத்துவரிடம் பேசலாம், இலவசம். சீட்டைப் புதுப்பிக்க, அவசரமா இல்லையா என்று கேட்க நல்லது. போட்டோவில் செதிலைச் சுரண்டவும் முடியாது, உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவும் முடியாது.

ஒரே பார்வையில்

| இடம் | கையிலிருந்து போவது | மறைந்திருக்கும் செலவு | எப்போது போகலாம் |
|---|---|---|---|
| மெடிக்கல் | ட்யூப் விலை | தவறான கிரீமால் மாதக்கணக்கில் இழுப்பது | வேர்க்குரு, வறட்சி, ஆரம்பச் சேற்றுப்புண் |
| தெருமுனை டாக்டர் | சிறிய ஃபீஸ், மருந்து | பரிசோதனை இல்லாத ஊசி | குழந்தையின் பொருக்கு, அக்கியின் முதல் நாள் |
| ஆரம்ப சுகாதார நிலையம் | இலவசம் | தோல் மருத்துவர் வரும் நாளுக்குக் காத்திருப்பது | குடும்பத்தோடு சிரங்கு, உணர்ச்சியற்ற திட்டு, சர்க்கரை சந்தேகம் |
| ஸ்டான்லி, ஜி.எச். | இலவசம் | ஒரு நாள் கூலி, ஒவ்வொரு தடவையும் | நாள்பட்டது, உடம்பெல்லாம் பரவியது |
| தனியார் ஸ்கின் டாக்டர் | ஃபீஸ், மருந்து | சோப்பும் கிரீமும் | லீவு கிடைக்காதவர், முகம், அந்தரங்க இடம் |

வேலையிடத்தால் வருவது தனி. சிமென்ட் கலப்பவர், மீன் சுத்தம் செய்பவர், சலவைத்தூளில் கை வைப்பவர் எங்கே காட்டினாலும், கையுறையும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவதும் இல்லாமல் மருந்து பலிக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்து வந்தபோது பலருக்குத் தோல் அரித்ததே, அதுபோல என்றால் எந்தத் தண்ணீரில் எத்தனை நாள் நின்றீர்கள் என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவராகக் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், இதுவரை போட்ட ட்யூப்களைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். தம்பியின் பதினோரு ட்யூபில் மிச்சமிருந்த மூன்றைப் பார்த்துத்தான் அந்த மருத்துவருக்கு விஷயம் விளங்கியது. முதல் நாள் எப்படி இருந்தது என்று போனில் போட்டோ இருந்தால் அதையும் காட்டுங்கள். போகிற அன்று காலையில் மட்டும் அந்த இடத்தில் எதையும் தடவ வேண்டாம். பவுடர்கூட வேண்டாம், சுரண்டி எடுக்கும் செதிலில் பூஞ்சை தெரியாமல் போய்விடும்.